சமையல்கட்டுப் பெட்டியில் ஒரு சாண் ஒயர்

என் சகலை மேல் எனக்குப் பொறாமை உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது? என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட எட்டு வயது சின்னவன், நான் செய்கிற அதே எலக்ட்ரீஷியன் வேலை. மதகடிப்பட்டில் ஒரு கல்யாண மண்டபம். அதன் ஒயரிங் முழுக்க என் கையால் ஆனது. புது மெயின் பேனல் போடும் வேலை வந்தபோது ஓனர் அவனைக் கூப்பிட்டார். லைசென்ஸ் வைத்திருக்கிறானாம். வயிறு எரிந்தது.

வேலை முடிந்த அன்று சும்மா எட்டிப்பார்ப்பவன் போலப் போனேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். வகிடெடுத்துச் சீவிய தலை மாதிரி ஒயர்கள். நியூட்ரலையும் எர்த்தையும் மெயினில் ஒரே இடத்தில் சேர்த்து, அதற்கப்புறம் எங்கேயும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்துக் கொண்டுபோயிருந்தான். சமையல்கட்டு லைனுக்குப் புதிதாக ஒரு பிரேக்கர். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டித்துவிடும். "பரவால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொல்லவே வாய் கசந்தது.

அடுத்த வாரம் அங்கே ஒரு நிச்சயதார்த்தம். காலையில் கிரைண்டரைப் போட்டதும் அந்த பிரேக்கர் விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. சட்னி அரைபடாமல் பந்தி தள்ளிப்போனது. தன் தங்கை போனில் அழுததை என் மனைவி வந்து சொன்னாள். வெளியே உச்சுக்கொட்டினேன், உள்ளே சர்க்கரைப் பொங்கல். கொஞ்ச நேரத்தில் ஓனரே கூப்பிட்டார். "அவன் சரிப்பட மாட்டான்பா, நீ வா." பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஓனர் எதிரிலேயே சகலையைக் கேட்டேன்: "இன்னாடா பண்ணி வச்சிருக்க?" அவன் டார்ச்சைப் பிடித்தான். சமையல்கட்டில் இருந்த பழைய ஒயரிங் பெட்டியைத் திறந்தேன்.

நியூட்ரல் ஒயர்கள் சேரும் கட்டையிலிருந்து எர்த் ஒயர்கள் சேரும் கட்டைக்கு ஒரு சாண் ஒயர் போயிருந்தது. முனையில் இரண்டு சுற்று, மேலே சிவப்பு டேப். நான் எப்போதும் சுற்றுகிற விதம். ஒரு கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தபோது, தண்ணீர் ஊற்றச் சோம்பல்பட்டு நியூட்ரலையே எர்த்தாக்கிவிட்டுப் போயிருக்கிறேன். பழைய பேனல் பொறுத்துக்கொண்டது. புது பிரேக்கர் பொறுக்கவில்லை; அந்த ஒயர் வழியாக எர்த்துக்குப் போன கரண்டைக் கசிவு என்று கண்டு விழுந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் நியூட்ரல் எங்காவது கழன்றிருந்தால், கிரைண்டர் உடம்பிலேயே கரண்ட் ஏறி, அதைத் தொட்ட சமையல்காரம்மா செத்திருப்பாள்.

ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். கிரைண்டர் ஓடியது. "அனுபவம்னா அனுபவம்தான். இனிமே இங்க நீதான்பா" என்றார் ஓனர். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பைக் பக்கத்தில் சகலை வந்து நின்றான்.

"அத காத்தாலயே பாத்துட்டேண்ணா. டேப்ப பாத்ததும் உன் கைன்னு தெரிஞ்சிது. நான் கழட்டனா யாரு போட்டதுன்னு ஓனரு கேப்பாரு. அதான் யாரும் தொடாம கிரைண்டர் பிளக்க புடுங்கி வச்சிட்டு, எனக்குத் தெரியல, அண்ணனக் கூப்புடுங்கன்னேன்."

மண்டபத்து வேலை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அவன் போட்ட பேனலைத் திறக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, முன்னைவிட அதிகமாக. வேலையில் மட்டும்தான் அவன் என்னை மிஞ்சியிருக்கிறான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.