கயிற்றில் கட்டிய பெயர்ப்பலகை

அன்று நான் சொன்னதைச் சண்முகம் அண்ணன் நம்பினாரா? எனக்கு விடை தெரியாது. பேராதனை ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுவந்த அவர் காலமாகிவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகள் தர்ஷினி தொலைபேசியில் சொன்னபோது, துக்கத்துக்கு முன்னால் வந்தது இந்தக் கேள்விதான். அதற்காக வெட்கப்படுகிறேன்.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏழு கிளைகள் வைத்திருந்த ஒரு சுப்பர்மார்க்கெட் நிறுவனத்தில் நாங்கள் வேலை செய்தோம். நான் அலுவலகத்தில் விளம்பரங்களுக்குத் தமிழ் எழுதினேன். அவர் எல்லாக் கிளைகளுக்கும் பெயர்ப்பலகை பொருத்தினார். கூரை ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். புசல்லாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார்.

நான் சேர்ந்த ஆண்டு பிலிமத்தலாவைக் கிளைக்குப் பலகை பொருத்தினார்கள். அவர் ஏணியிலிருந்து இறங்கி முந்தைய பஸ் தரிப்பிடம்வரை நடந்துபோனார். பஸ்ஸில் நின்றபடி திரும்பி வந்து, பலகையை ஓரடி இறக்கச் சொன்னார்.

"கார்ல வர்றவங்களுக்கு எப்படியும் தெரியும் மிஸ். பஸ்ல நின்னுகிட்டு வர்றவங்களுக்கு ஜன்னல்ல கீழ்ப்பாதிதான் தெரியும்."

பல ஆண்டுகளாக ஒரு சிவப்புக் கூடைதான் எங்கள் இலச்சினை. பிறகு வியாபாரம் படுத்தது. தட்டுகளில் இடைவெளிகள் தெரிந்தன. சாமான் வருவதற்குப் பதிலாகப் புதிய இலச்சினை வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் திரையில் ஒரு பச்சை வளைவைக் காட்டினார். அளவு எடுப்பதற்காக அழைக்கப்பட்டிருந்த அண்ணன், "கூடையக் காணோமே சேர்?" என்றார். அந்த வளைவைப் பார்த்ததும் மனதில் கூடை தோன்றும் என்று கொழும்புக்காரர் விளக்கினார்.

"அப்ப சாமானும் மனசுலதானா?" என்று அண்ணன் என் காதோரம் முணுமுணுத்தார். சிரிப்பை அடக்க நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வேலைத் தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"இதுல பலகையே இல்ல மிஸ். ஃபிளெக்ஸ் சீட்டு. பழைய போர்டு மேலயே கயிறு போட்டு இழுத்துக் கட்டணுமாம். சுவத்துல ஓட்டை போட வேணாம்னு எழுதியிருக்கு."

"தற்காலிகமா இருக்கும் அண்ணே."

"இருக்கப் போறவங்க ஓட்டை போடுவாங்க மிஸ். வீட்டக் காலி பண்ணப் போறவங்கதான் சுவரப் பத்திக் கவலப்படுவாங்க."

பிறகுதான் வந்த காரணத்தைச் சொன்னார். தர்ஷினி பிலிமத்தலாவைக் கிளையில் காசாளர். அதே ஊரில் மருந்து விற்கும் ஒரு பாமசியில் அவரை வேலைக்குக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"போகச் சொல்லவா, இருக்கச் சொல்லவா? நீங்க மீட்டிங்ல எல்லாம் இருக்கீங்க."

கடையை மூடுவது பற்றிக் கூட்டங்களில் யாரும் பேசியதில்லை. யாரும் பேசாததையே நான் தகவலாக எடுத்துக்கொண்டேன். "மூடப் போறவங்க புது லோகோ போடுவாங்களா? இருக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி மிஸ்."

தர்ஷினி இருந்தார். அதிலிருந்து நான்காம் மாதம் ஏழு கிளைகளும் மூடப்பட்டன. பாமசி வேலைக்கு வேறொருவர் சேர்ந்திருந்தார். தர்ஷினிக்கு இன்றுவரை நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அண்ணன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் தொலைபேசியில் பேசினார். என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை புசல்லாவையில் இறுதிச் சடங்கு. தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நான்கு கம்புகளில் ஒரு ஃபிளெக்ஸ் சீட்டை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். பச்சை வளைவு. கடைகள் மூடிய பிறகு யாரும் கேட்டு வராததால் அண்ணன் கழற்றி மடித்து வைத்திருந்ததாம். அவ்வளவு பேரும் அதன் கீழ் நனையாமல் நின்றோம். தர்ஷினியிடம் சொல்லப்போனதைச் சொல்லாமலே திரும்பினேன்.

அண்ணே, அன்று எனக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான். போய் வாருங்கள்.

மறுநாள் மீண்டும் போனேன். தர்ஷினி வாசலில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உங்கள இருக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும் மிஸ். அப்பா அன்னைக்கே சொன்னாரு. 'மிஸ்ஸுக்கும் தெரியாது. ஆபீஸ்ல தெரியாதுன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது'ன்னாரு."

"அப்ப ஏன் உங்கள இருக்கச் சொன்னாரு?"

அவர் அடுத்த முடிச்சை அவிழ்த்தார். "தெரியல மிஸ்" என்றார். "அந்த மூலையக் கொஞ்சம் பிடிங்க, தண்ணி நிக்குது."

பிடித்தேன். தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, இருவருமாக அதை மடித்து வைத்தோம்.