சட்டையில் புகை

ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் சந்திரகுமார் நயினார், ஐம்பது வயது தாண்டியும் மதுவைத் தொட்டதில்லை. சமணக் கோயிலான ஜினாலயத்தில் அபிஷேகம் என்றால் முன்வரிசையில் நிற்பார். குடித்துவிட்டு வருபவரைக் கடைப்படி ஏறவிட மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைக்குப் போவதாக மனைவி திரிசலாவிடம் சொல்லிவிட்டு சேவூருக்குப் போனார். ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் கிரண் ஊருக்கு வந்திருந்தான். அவன் கல்யாணத்துக்குப் பட்டெடுத்ததிலிருந்து பழக்கம்.

கிரண் ஒரு பாட்டிலைத் திறந்தான். "சிங்கிள் மால்ட் விஸ்கிங்க. அங்க சதுப்புல பீட்னு ஒரு மண்ணு வெட்டுவாங்க. அதை எரிச்சி, அந்தப் புகையில பார்லியைக் காயவெப்பாங்க. குடிக்க வேணாம், சும்மா மோந்து பாருங்க."

அணைந்த விறகடுப்பும் ஆஸ்பத்திரித் தாழ்வாரமும் கலந்த வாசனை. இதையா குடிக்கிறார்கள் என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு மிடறு விழுங்கியும்விட்டார். தொண்டை எரிந்து கண்ணில் நீர் முட்டியது. எல்லாம் அடங்கியபின் நாக்கில் உப்பும் மெல்லிய இனிப்பும் தங்கின.

"இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா," என்றார். அவசரமாய் வாயருகே கொண்டுபோனதில் பாதி சட்டையில் சிந்தியது.

வீட்டு வாசலிலேயே திரிசலா மூக்கைச் சுளித்தாள். மதுவின் வாசனை அறியாதவள். "இன்னாங்க இது, புகை நாத்தம்? கடைல தீ புடிச்சிச்சா?"

"ஒயரு கருகிச்சி. மெயினை ஆஃப் பண்ணிட்டேன்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் புகுந்தார். பல்லைத் தேய்த்தார், மறுபடியும் தேய்த்தார்.

வெளியே வந்தபோது திரிசலா சொன்னாள்: "ராமதாஸ் அண்ணனுக்கு போன் பண்ணேங்க. உள்ள நெருப்பு இருந்துகினு இருந்தா இன்னா பண்றது? பூட்டை ஒடச்சிப் பாக்குறேன்னாரு."

ராமதாஸ் ஜரிகை வியாபாரி, கடைக்குப் பின்வீட்டுக்காரர். சந்திரகுமார் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் திறந்து கிடந்தது. தெருவே கூடிப் புடவைகளைக் கைமாற்றி எதிர்வீட்டுக் கூடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தது. ராமதாஸின் உள்ளங்கையை ஷட்டர் தகரம் கிழித்திருந்தது. துண்டு சுற்றிய அந்தக் கையை, பட்டில் ரத்தம் படாமலிருக்க, தலைக்குமேல் தூக்கியபடி நின்றார்.

"பயப்படாதீங்க நயினாரே. ஒரு நூலுகூட கருகல. புகை எங்கிருந்து வந்துச்சின்னுதான் தெரியல."

சந்திரகுமாரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தையல் போட்டு முடித்ததும் தலைகுனிந்து சொன்னார்: "தீயே புடிக்கல ராமதாஸ். நான் குடிச்சிட்டு வந்தேன். அந்த நாத்தத்தை மறைக்கத்தான் பொய் சொன்னேன்."

ராமதாஸ் திட்டவில்லை. கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வீட்ல சொல்லிடுங்க. அவங்க கேட்டா நான் ஒயருன்னு சொல்ல மாட்டேன்," என்றார்.

அன்று மாலையே சந்திரகுமார் மனைவியிடம் சொன்னார். "குடிச்சிட்டேன்னு அப்பவே சொல்லியிருந்தா அழுதிருப்பேன், அவ்ளோதான். அந்த மனுஷன் கை..." என்று ஆரம்பித்த திரிசலா, முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

வாரக்கணக்கில் தெருக்காரர்கள் அக்கறையோடு விசாரித்தார்கள், ஒயரிங் மாற்றியாகிவிட்டதா என்று. சிலரிடம் உண்மையைச் சொன்னார். சிலரிடம் வெறுமனே தலையாட்டினார்; ஆட்டிவிட்டு, அவர்கள் தெரு திரும்பும்வரை கடைக்குள்ளேயே நின்றார்.