சுறா எண்ணெய் குடித்த மட்டை

போன வாரம் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குப் போயிருந்தேன். நான் படிப்பிக்கும் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்க வேண்டும். கடைக்காரத் தம்பி அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, பொலித்தீன் உறையைக் கழற்றிக் கையில் தந்தான். நான் அதை முகத்தருகே கொண்டுபோய் மணந்து பார்த்தேன். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன மிஸ், கருவாடா வாங்க வந்தீங்க?"

அவன் சும்மாதான் சொன்னான். ஆனால் என் மூக்கு தேடியது கிட்டத்தட்ட அந்த மணத்தைத்தான். இந்த மட்டையில் புது மரமும் பசையும் மணத்தன. எனக்கென்று கிடைத்த முதல் மட்டையில் சுறா மணத்தது.

"பேர் உள்ள மட்டை எடுத்தாப் பிள்ளைகள் நல்லா ஆடுவாங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"மட்டையில என்ன இரிக்கு மிஸ், எல்லாம் கையிலதான்" என்றான். சொல்லிக்கொண்டே கடையிலேயே பெரிய பெயருள்ள மட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அப்பா வாவியில் மீன் பிடிப்பவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படியேறியவள் நான். இதை நான் எப்போதும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாகப் போகிறவளுக்குப் பெருமையோடு ஒரு சங்கடமும் சேர்ந்தே வரும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது. பின்னக் கணக்கானாலும் சரி, கிரிக்கெட் ஆனாலும் சரி, நான் பிழையாகச் செய்தால் அது பிழை என்று சொல்ல எங்கள் வளவுக்குள் ஒருவரும் இல்லை.

நான் படித்த பாடசாலையின் அணிக்கு அப்போது ஒரே ஒரு மட்டைதான். அதன் பெயரை எந்தக் காலத்திலோ யாரோ சுரண்டிவிட்டிருந்தார்கள். அடிப்பக்கம் வெடித்திருந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மீன் வலைக்குப் பாவிக்கும் தங்கூசி நூலால் இறுக்கிச் சுற்றித் தந்திருந்தார். மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும் அந்தக் கட்டு அசையவில்லை. பந்து நூலில் பட்டால் மட்டும் நினைத்த திசைக்குப் போகாது.

பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை முடிந்த வருடம் மாவட்டப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவித்தார்கள். அம்மாவுக்கு நான் வெயிலில் நின்று பந்தடிப்பது பிடிக்காது. "அங்க உன்ட பேர் வந்தா ஆடு. வராட்டி இதோட விடு. ஏ.எல். புத்தகத்தத் தூக்கு, மட்டையத் தூக்காத" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அம்மாவின் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் மேன்முறையீடு கிடையாது.

அந்த நேரத்தில்தான் கட்டாரில் வேலை செய்த சித்தப்பா லீவில் வந்தார். உடுப்புப் பெட்டிக்குள் குறுக்காக ஒரு மட்டை படுத்திருந்தது. வெள்ளையாக, பால் நிறத்தில், நெஞ்சில் பெரிய எழுத்து ஒட்டிய மட்டை. அப்பா அந்த எழுத்தை விரலால் தடவினார்.

"இதில என்ன எழுதியிரிக்கு மனே?"

எங்கள் ஊரில் மகளும் 'மனே'தான். வாசித்துக் காட்டினேன்.

"ஆர் அது? மட்டையச் செஞ்ச ஆளா?"

"இல்லப்பா, கம்பனிட பேர்."

"தோணிக்குக்கூட இவ்வளவு வடிவா ஒருத்தரும் பேர் எழுதினதில்ல" என்றார்.

சித்தப்பா போகும்போது, "ஆட முந்தி எண்ணெய் பூசணும் அண்ணன், மறந்திராதீங்க" என்றார். என்ன எண்ணெய் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மரத்துக்குப் பூசும் எண்ணெய் எங்கள் வீட்டில் ஒன்றுதான். குசினிக்குப் பின்னால் தகரப் பேணியில் இருந்த சுறா எண்ணெய். தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்து, மரம் இனிக் குடிக்க மாட்டேன் என்று சொல்லும்வரை அப்பா அதைத்தான் பூசுவார்.

மட்டையையும் அப்படியே செய்தோம். அப்பா ஊற்ற, நான் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். அந்த மரம் குடித்ததே குடித்தது! வெயிலில் காய வைத்தோம், திரும்பப் பூசினோம். "நல்ல சாதி மரம், எப்படி இழுக்குது பாரு" என்று அப்பா வியந்தார். கையில் மிஞ்சிய எண்ணெயை வாசலில் கவிழ்ந்து கிடந்த தோணியின் விலாவில் துடைத்துக்கொண்டார். எங்கள் பூனை மட்டையின் பக்கத்திலேயே படுக்கத் தொடங்கியது.

எண்ணெயில் ஊறி, நெஞ்சில் இருந்த பெயர் கழன்று வந்துவிட்டது. அப்பா அதை எறிய மனமில்லாமல் கழுவி, பசை பூசி, தோணியின் முன்மூக்கில், அணியத்தில் ஒட்டினார். அதன்பிறகு எங்கள் தோணி ஒரு வெளிநாட்டு மட்டைக் கம்பனியின் பெயரோடு இறால் பிடிக்கப் போய்வந்தது.

தெரிவு நாளில் என் சிநேகிதி சுதர்சினி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன கா இது? ஆட வந்தியா, மீன் ஆணம் காய்ச்ச வந்தியா?"

"வெளிநாட்டு மட்டை."

"பேர் எங்க?"

"தோணியில."

அவள் தரையில் குந்தியிருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அப்பா அன்று வாவிக்குப் போகாமல், வெளுத்த சேர்ட் போட்டு, மைதான வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் பந்தை நடு மட்டையில் வாங்கினேன். பழைய மட்டையென்றால் அது வேலிக்குப் போயிருக்கும். இது ஈரச் சாக்கில் விழுந்ததுபோல் என் காலடியில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. மட்டையைத் தூக்குவதற்குள் பந்து என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. மேசையில் இருந்த தெரிவாளர்கள் தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள். சுதர்சினி எல்லைக்கோட்டில் நின்று எங்கள் நூல் கட்டிய மட்டையைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு அது வேண்டும். ஆனால் வேலிப் பக்கம் அப்பா நிற்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எண்ணெய் பூசிய மட்டையை எப்படிக் கீழே போடுவது?

வேலிப் பக்கமிருந்துதான் குரல் வந்தது.

"மனே! சத்தம் சரியில்ல! அது தண்ணி குடிச்ச தோணிபோலக் கிடக்கு, மாத்து கா!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. நான் மட்டையை மாற்றினேன். பிறகு அடித்த பந்துகளில் சில வேலிக்குப் போயின, சில நூலில் பட்டு எங்கோ போயின.

பட்டியல் ஒட்டியபோது என் பெயர் கடைசியில், மேலதிக வீராங்கனையாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை எப்படி விளக்குவது என்று திணறினேன். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பேர் இரிக்கா, இல்லியா?"

"இரிக்கு."

"அப்ப ஆடு."

மட்டையில் ஒன்றுமில்லை என்று சொல்பவர்களை அதன்பிறகு நிறையச் சந்தித்துவிட்டேன். அநேகமாக அவர்கள் கையில் நல்ல மட்டை இருக்கும். பெயர் வேறு, மரம் வேறு என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. பெயர் தோணியில் போய்க்கொண்டிருந்தது, மரம் என் கையில் செத்துக் கிடந்தது, பெயரே இல்லாத ஒன்று பந்தை அனுப்பியது. ஆனால் அதற்காக ஆட்டம் முழுதும் கையில்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பால் நிற மட்டை தன் குணம் மாறாமல் என்னோடு மைதானத்துக்கு வந்திருந்தால், நான் பட்டியலின் கடைசியில்தான் நின்றிருப்பேனா? இன்றும் தெரியவில்லை. எங்களைப்போன்ற வீடுகளுக்கு நல்ல சாமான் எப்போதாவது வந்துவிடுகிறது. அதை வைத்திருக்கும் விதம்தான் கூட வருவதில்லை.

கடையில் இரண்டு மட்டைகள் வாங்கினேன். கூடவே மட்டைக்கென்றே பூசும் ஆளிவிதை எண்ணெய் ஒரு சின்னப் போத்தல். வீட்டில் அப்பா மட்டையை வாங்கி, என்னைப்போலவே மணந்து பார்த்தார்.

"ஒரு மணமும் இல்லியே. இதுக்கு எண்ணெய்?"

போத்தலைக் காட்டினேன்.

"இவ்வளவுதானா?"

"இதுவும் முழுக்க இல்லப்பா. ஒரு மூடி போதும். மெல்லிசாப் பூசணும்."

அவர் மூடியில் அளந்து ஊற்றி, குழந்தைக்குப் பூசுவதுபோல் பூசினார். "உன்ட சித்தப்பன் அண்டைக்கே இதச் சொல்லியிரிக்கலாம்" என்று முணுமுணுத்தார். அவர் இப்போது ஃபைபர் படகில் போகிறார். அது எண்ணெய் குடிக்காது. குசினிக்குப் பின்னால் தகரப் பேணியும் இல்லை.

பூசி முடித்ததும் எழுந்து, பழைய பழக்கத்தில் வாசலுக்குப் போய்க் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். தோணி கவிழ்ந்து கிடந்த இடத்தில் என் ஸ்கூட்டி நின்றது. ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, கையைத் தன் சாரத்திலேயே துடைத்துக்கொண்டார்.