மோட்டார் கொட்டகைச் சாவி

என் மின்சாரக் காரைத் திருட்டு மின்சாரத்தில் ஓட்டினேன். மாட்டிக்கொண்டபோது பழியை இன்னொருவர் மேல் தள்ளினேன். இதில் இரண்டாவதுதான் பெரிய தவறு.

விழுப்புரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு திண்டிவனத்துக்குப் பக்கத்தில், பிரம்மதேசம் போகும் வழியில், எங்கள் நிலத்தை ஒட்டியே இருக்கிறது. விழுப்புரத்தில் இருக்கும் மகளைப் பார்த்துவரக் காரை வாங்கினேன். வீட்டிலேயே சார்ஜ் போடுகிறேன், செலவே இல்லை என்று கண்டவரிடமெல்லாம் பெருமை பேசினேன். பிறகு பில் வந்தது. யூனிட் கூடக்கூட விலையும் ஏறும் என்பது தெரியாதவனல்ல. ஆனாலும் ஏசியும் காரும் சேர்ந்து ஏற்றிவிட்ட தொகையை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கிணற்று மோட்டாருக்கு விவசாய இணைப்பு, கட்டணம் கிடையாது. கொட்டகையிலிருந்து காருக்கு ஒரு ஒயர் இழுத்தேன். வேலை முடிந்ததும் மோட்டார் பக்கத்து இணைப்பைக் கழற்றாமலே சுருட்டிக் கொட்டகைக்குள் போட்டுவிடுவேன்.

நிலத்தை ஓர் அம்மா குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். சொந்த நிலம் இல்லாதவர். குத்தகை வாய்ப்பேச்சுதான், எழுத்து எதுவும் இல்லை.

நான் விழுப்புரத்தில் இருந்த ஒரு நாள், கரண்ட் ஆபீஸ்காரர்கள் சோதனைக்கு வந்தார்கள். ஒயரைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். நிலம் குத்தகையில் இருக்கிறது, எனக்கு எதுவும் தெரியாது என்றேன். அபராதத்தைக் கட்டச் சொல்லி அந்த அம்மாவிடம் கூறிவிட்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அவர் வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒயரு யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியும் சார். வந்தவங்ககிட்ட வாயத் தொறக்கல. தொறந்தா நிலத்தத் திருப்பி வாங்கிக்குவீங்க. ஆனா செடி விழுது எறக்கிக்கினு இருக்குது. இப்பத் தண்ணி காட்டலன்னா எல்லாம் பருப்பு இல்லாம பொக்காப் போயிடும்."

காரைத் திரும்பிப் பார்த்தார். "அது நாலு நாள் நின்னா ஒன்னும் ஆவாது சார். செடி நிக்காது."

மறுநாள் காலை கரண்ட் ஆபீசுக்குப் போய், ஒயர் என்னுடையது என்று எழுதிக் கொடுத்து அபராதத்தைக் கட்டினேன். இந்த வயதில் ஏன் சார் என்று இளம் பொறியாளர் கேட்டார். பெருமைக்குத்தான் என்றேன். இணைப்பு திரும்ப வந்தபோது கடைக்கோடிப் பாத்திகள் காய்ந்திருந்தன. மற்றவை பிழைத்தன. அந்தப் போகத்துக் குத்தகைப் பணத்தை நான் வாங்கவில்லை.

ஆனால் அவரை வாய் திறக்க விடாமல் செய்த பயம் அப்படியே இருந்தது. ஐந்து வருடத்துக்கு நிலம் அவரிடமே இருக்கும் என்று பத்திரம் எழுதி நீட்டினேன். அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார்.

"மோட்டார் கொட்டகைச் சாவி என்கிட்டதான் இருக்கும்னு ஒரு வரி சேருங்க சார்."

சேர்த்தேன்.

அறுவடை முடிந்ததும் மூட்டைகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு இருவரும் திண்டிவனம் போனோம். வழியில், இப்போது கரண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். காருக்கான செலவை ஒருவரிடம் மறைக்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"மினி லாரிய விடக் கொறச்சல்தான் சார். அடுத்த லோடும் இதுலயே போட்டுக்கலாம்."