மூணு போக மீதிப் பதிமூணு நாள்

அந்தக் கடிதத்துக்கு நான் குங்குமம் வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சிரித்துக்கொண்டே சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது மேல்.

ஆபீஸ் கடிதம் எது வந்தாலும் எங்கள் வீட்டில் அது சாமித் தட்டுக்குத்தான் போகும். செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது வந்த பழக்கம் அது. பழுப்பு உறையை அப்பா பிரிக்கவே மாட்டார். சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி எப்போது எங்கள் லயத்து வீட்டுப் பக்கம் வருவார் என்று பார்த்திருந்து, கொண்டுபோய்க் காட்டிச் சேதி கேட்டுக்கொள்வார். தோட்டத்தை விற்றார்கள், நாங்கள் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்குக்கு வந்தோம், நான் கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்று முழங்கால் தேய்ந்து வேலையை விட்டும் ஆயிற்று. பழக்கம் மட்டும் விடவில்லை.

தோட்டத்துப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு வரை போனேன். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். மலாய் பேசுவேன், வாசிக்க வராது. அதற்காகக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவள் இல்லை நான். என் வீட்டுச் சேதி என் வீட்டுக்குள் இருக்க வேண்டும். தங்கச்சி மகள் கெடாவில் யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். அவள் லீவில் வந்து வாசித்துச் சொல்கிற வரைக்கும் கடிதம் தட்டில் இருக்கும்.

அவளுக்கு உபகாரச் சம்பளம் தருகிற ஆபீஸ் ஈப்போவில் இருக்கிறது. தங்கச்சியை அவள் புருஷன் விட்டுப் போனதிலிருந்து நாங்கள் மூவரும் ஒரே வீடு. தங்கச்சிக்குக் கிட்னி கெட்டு, வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்தம் பண்ணப் போய்க்கொண்டிருந்ததால், விண்ணப்பப் பாரத்தில் காப்பாளர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதனால் ஒவ்வொரு பருவம் முடிந்ததும் கடிதம் என் பெயருக்கு வரும். வந்ததெல்லாம் நல்ல சேதிதான். பணம் தொடரும், நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள் என்று இருக்கும். நல்ல சேதி வருகிற உறை என்றுதான் இந்தத் தடவை குங்குமம் வைத்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை, தட்டைப் பார்த்துவிட்டாள்.

"பெரிம்மா, இது எப்ப வந்திச்சு?"

"போன வாரம் புதன்கெழம. சாப்பிட்டுட்டு வாசி."

அவள் சாப்பிடவில்லை. நின்றபடியே பிரித்தாள். கையில் குங்குமம் ஒட்டியது. முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு சிரிப்பது மாதிரி ஒரு சத்தம்.

"இதுக்குப் போயி பொட்டு வெச்சிருக்கீங்களே. எச்சரிக்கைக் கடுதாசி பெரிம்மா. காசை நிறுத்தப் போறாங்க."

பாயிண்டர் என்று ஒன்று சொல்கிறார்கள். ஒரு பருவத்தில் எடுத்த மார்க்கெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு எண்ணாக வரும். அது இரண்டரைக்குக் கீழே போகக் கூடாது. எந்தப் பாடத்திலும் விழக் கூடாது. அவளுக்கு இரண்டும் நடந்திருந்தது. ஒரு பாடத்தில் வகுப்புக்கு வந்த நாள் போதாது என்று பரீட்சைக்கே உட்கார விடவில்லை. இன்னொன்றில் இடையில் வைத்த டெஸ்ட் எழுதாததால் விழுந்துவிட்டாள். போனில் நான் "பாஸா?" என்று கேட்டபோதெல்லாம் "பாஸ்தான் பெரிம்மா" என்றவள், இப்போது குனிந்துகொண்டு ஒன்றொன்றாகச் சொன்னாள். காரணம் சொல்ல ஆபீஸ் பதினாலு நாள் கொடுத்திருந்தது. அதில் பத்து நாள் என் சாமித் தட்டில் போய்விட்டது. காரணம் அவர்களுக்குச் சரியாகப் படாவிட்டால் பணம் நிற்கும். பணம் நின்றால் அவள் படிப்பு நிற்கும். அதை ஈடுகட்ட என்னிடம் ஒன்றும் கிடையாது.

"ஏன் விழுந்த? அத மட்டும் சொல்லு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பதில் எனக்கும் தெரியும்.

அவள் அம்மா போனது அந்தப் பருவத்தின் நடுவில். தெலுக் இந்தானில் என் தம்பி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறான். அவன்தான் கொள்ளி வைத்தான். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னான்.

"அக்கா, இப்ப யாரு பதினாறு நாளு காத்திருக்கா? எட்டாம் நாளே எல்லாத்தையும் முடிச்சிரலாம்லா. புள்ள படிக்கிற புள்ள, அனுப்பி வையி."

"உனக்குக் கடையைத் தொறக்கணும், அதுக்குப் புள்ளய இழுக்கறியா?"

"கடை கெடக்கு. அதுக்கு டெஸ்ட் இருக்காம், என்கிட்டதான் சொல்லிச்சு. உன்கிட்ட சொல்லப் பயமாம்."

"என் தங்கச்சிக்குப் பதினாறும் நடக்கும். அரைகொறையா முடிச்சாங்கன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது. நீ போயி வெங்காயம் நிறு."

அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. பதினாறாம் நாள் வந்து காரியத்தைச் செய்தான், சாப்பிடாமல் போனான். அதோடு எனக்கும் அவனுக்கும் பேச்சு நின்றது.

அந்தப் பதினாறு நாளுக்கு இடையில் ஒரு சாயங்காலம், படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு அவளே மெல்லக் கேட்டாள். "பெரிம்மா, திங்கக்கெழம டெஸ்ட். காலையில போயிட்டு மறுநாளே வந்துருவேன்."

"டெஸ்ட் எங்கயும் ஓடிப் போவாது," என்றேன். "பெத்தவளுக்கு வெளக்கு வெக்கிறது உன் கை. நீ இல்லன்னா யாரு வெப்பா?"

நான் வைத்திருக்கலாம். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

கடிதத்தைப் பிரித்த பிறகு வந்த திங்கட்கிழமை இருவரும் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனோம். மாடியில் ஆபீஸ். படி ஏறி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன். உள்ளே தமிழ்ப் பெண் ஒருத்தி, சின்ன வயது, கழுத்தில் ஆபீஸ் அட்டை. மரியாதையாகத்தான் பேசினாள். மரணச் சான்றிதழைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், பிறகு வருகைக் கணக்கைப் பார்த்தாள்.

"அம்மா தவறினதுக்கு யூனிவர்சிட்டி மூணு நாள் லீவு குடுக்குது. அது சரி. நீ பதினாறு நாள் போகலயே. மூணு போக மீதிப் பதிமூணு நாள் என்ன ஆச்சு?"

"உடம்பு சரியில்ல," என்றாள் இவள்.

"டாக்டர் குடுத்த எம்.சி. இருக்கா?"

"இல்ல."

"எந்தக் கிளினிக்குக்குப் போன?"

இவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டாள். "எம்.சி. இல்லாம நான் மேல அனுப்பினா திருப்பித்தான் அனுப்புவாங்க. சும்மா வகுப்புக்குப் போகலன்னுதான் எடுத்துக்குவாங்க. வேற காரணம் இருந்தா இப்பச் சொல்லு."

"உடம்புதான் சரியில்ல," என்றாள் இவள் திரும்பவும். எனக்காகத்தான் பொய் சொல்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. படிப்பே போனாலும் பெரிம்மா தடுத்தாள் என்று ஓர் அந்நிய மனுஷியிடம் சொல்ல மாட்டாள். அப்படி வளர்த்திருக்கிறேன். வீட்டுச் சேதி வீட்டுக்குள் என்று நான்தானே சொல்லிச் சொல்லி வளர்த்தேன்.

"நான்தான் விடல," என்றேன்.

"என்னம்மா?"

"கருமாதி வரைக்கும் நான் போக விடல. டெஸ்ட் இருக்குன்னு சொன்னா. நான் காதுல வாங்கல. உடம்புக்கு ஒண்ணுமில்ல அவளுக்கு."

இவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் பேனாவைத் திரும்ப எடுத்தாள். எங்கள் பக்கம் எத்தனை வீடு இப்படியென்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"இத எழுத்துல குடுப்பீங்களா? காப்பாளர் நீங்கதான். நீங்க சொன்னா ஒரு காரணமாவது ஆகும். கிடைக்கும்னு சொல்லல. அனுப்பிப் பாக்கலாம்."

"நான் எழுதித் தர்றேன், பெரிம்மா கையெழுத்து மட்டும் போடட்டும்," என்றாள் இவள்.

"தப்பு என்னுது. நானே எழுதறேன். தமிழ்லதான் வரும்."

"தமிழ்லயே எழுதுங்கம்மா. மலாய்ல மாத்தி அதோட சேத்து நான் இணைச்சுக்கறேன்."

ஒரு தாள் கொடுத்தாள். தொழிற்சாலையில் இருந்த அத்தனை வருஷமும் நான் என் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதியது கிடையாது. பேனா பிடித்த விரல் வலித்தது. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று நிதானமாகவே எழுதினேன். "என் தங்கை இறந்தாள். பிள்ளையைப் பதினாறு நாள் நான் வீட்டில் வைத்துக்கொண்டேன். பரீட்சை இருக்கிறது என்று பிள்ளை சொன்னாள். நான் கேட்கவில்லை. பிள்ளை மேல் தப்பு இல்லை." அவ்வளவுதான். இதை எழுதக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கீழே பெயர் போட்டேன்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "அப்படி எழுதியிருக்க வேணாம்," என்றாள். "நடந்தது அதுதானே," என்றேன்.

பதில் வர மூன்று வாரமானது. அதே பழுப்பு உறை. அவள் கெடாவில் இருந்தாள். கை தானாகச் சாமித் தட்டுப் பக்கம் போயிற்று. நிறுத்திக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். மலாய்க்கார அம்மா. பதினோரு வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசியிருக்கிறோம். ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னது அன்றைக்குத்தான். அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் வாசித்தாள். "போலே, காக், போலே," என்று என் தோளைத் தட்டினாள். ஆகும் அக்கா, ஆகும் என்கிறாள். ஆபீஸில் சரியென்று விட்டுவிட்டார்கள், பணம் நிற்காது. ஆனால் நிபந்தனை உண்டு. இன்னும் இரண்டு பருவத்துக்குப் பார்ப்பார்கள். பாயிண்டர் குறையக் கூடாது, போன அந்த இரண்டு பாடத்தையும் திரும்ப எடுத்துப் பாஸாக வேண்டும். இனி ஒரு தடவை மன்னிப்பு இல்லை.

முதல் பருவம் எப்படியோ தாண்டினாள். டெஸ்ட் எழுதாமல் விட்ட பாடம் வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்குமாம். அதனால் இரண்டாவது பருவத்தில் அதை எடுத்தாள். சென்ற வருஷத்தைப் போலவே இந்த வருஷமும் டெஸ்ட் அதே வாரத்தில் வந்தது. தங்கச்சியின் தலைத் திதியும் அதே வாரம்தான். ஐயர் பார்த்துச் சொன்ன நாளை அவளிடம் போனில் சொன்னேன்.

"பெரிம்மா, அன்னிக்குக் காலையில ஒம்பது மணிக்கு டெஸ்ட். நான் லெக்சரரப் பாத்துக் கேட்டுப் பாக்கறேன். வேற நாள் குடுத்தா வந்துர்றேன்."

"ஒண்ணும் கேக்க வேணாம். நீ வராத."

"அம்மாவுக்குத் தலைத் திதி பெரிம்மா."

"உங்கம்மா எங்கயும் ஓடிப் போவ மாட்டா. நான் வெக்கிறேன் வெளக்கு."

அவள் அழுதாளா என்று தெரியாது. போனை வைத்துவிட்டேன். அடுத்த வேலை அதைவிடக் கஷ்டம். தெலுக் இந்தானுக்குப் போன் போட்டேன்.

"ஹலோ, யாரு?" என்றான் தம்பி. என் எண் அவனிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"நான்தான்."

"எந்த நான்? வெங்காயம் வேணுமா? கிலோவா, மூட்டையா?"

"டேய். திதிக்கு வா. புள்ள வரல."

"ஏன் வரல?"

"டெஸ்ட்டு."

"நீ சொல்லித்தான் வரலயா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வரும்போது வாழை இலையும் பூசணியும் கொண்டுவருவதாகச் சொன்னான்.

அன்றைக்குக் காலையில் அவன் லாரியிலேயே வந்து இறங்கினான். உறவில் நாலைந்து பேர் வந்தார்கள். "பொண்ணு எங்க? ஒத்தப் புள்ள, பெத்தவ திதிக்குக் கூடவா வரல?" என்று ஒருத்தி கேட்டாள். நான் பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் தம்பி, "பரீட்சை எழுதுது. அக்காதான் வர வேணான்னுச்சு," என்றான். சத்தமாகவே சொன்னான். கேட்டவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். முதுகுக்குப் பின்னால் பேசியிருப்பார்கள். பேசட்டும்.

படையலை எட்டரைக்கே வைத்தாகிவிட்டது. ஐயர் ஆரம்பிக்கலாமா என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். முழங்கால் நிற்கவிடவில்லை, நாற்காலியை இழுத்துப் படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். கடிகாரத்தில் ஒன்பது ஆனதும் எழுந்து விளக்கை ஏற்றினேன்.