குகன் கேட்ட ஒரு மணித்தியாலம்

1. திங்கட்கிழமை

டிஸ்க்கை டிரைவுக்குள் தள்ளிக் கதவை மூடினேன். டிரைவ் கரகரத்து நின்றது. மறுபடி கரகரத்தது. வாசிக்க முடியவில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

எனக்குப் பின்னால் குகன் நின்றான். தகவல் முறைமைகள் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவன். இறுதியாண்டு மாணவர்கள் தாங்கள் எழுதிய புரோகிராமை மிசினில் ஓட்டிக் காட்டவேண்டிய நாள் அது. நான் அந்தக் கொம்பியூட்டர் கூடத்துக்குப் பொறுப்பான போதனாசிரியர். குகனுக்கு முன் வந்தவர்களின் டிஸ்க்குகள் எல்லாம் ஒழுங்காகத் திறந்திருந்தன.

“சேர், மற்ற மிசினிலை போட்டுப் பாருங்கோ.”

போட்டேன். அதிலும் அதே வரிதான் வந்தது.

“இதுக்குள்ளை ஒண்டுமில்லையே, குகன்.”

“வெள்ளிக்கிழமை இருந்தது சேர். ஓட்டிப் பாத்திட்டுத்தான் உங்களிட்டைத் தந்தனான்.”

“ஓடினதை ஆர் பாத்தது?”

“நான் பாத்தனான்.”

“உன்னைத் தவிர?”

அவன் டிரைவையே பார்த்துக்கொண்டு நின்றான். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். பிறகு சொன்னான்:

“சேர், ஒரு மணித்தியாலம் மிசினைத் தாங்கோ. புரோகிராம் முழுக்க எனக்குப் பாடம். உங்கடை கண்ணுக்கு முன்னாலையே திருப்பி அடிச்சுக் காட்டுறன்.”

“ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஆர் ஊத்துறது? உன்ரை கொப்பரோ?”

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். குகனுக்குத் தகப்பன் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன். ஜெனரேற்றருக்கான எண்ணெய்க் கானில் எண்ணெயும் இருந்தது. இந்த இரண்டையும் எழுதாமல் விட்டால் மிச்சத்தை எழுதுவதில் பயனில்லை.

2. எங்கள் கூடம்

இப்போது ஆய்வுகூடங்களைப் பொறுப்பேற்றிருக்கும் இளையவர்களுக்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். தொண்ணூறுகளின் முற்பகுதி, யுத்த காலம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. நாங்கள் கொம்பியூட்டர் படிப்பித்தது பெரும்பாலும் கரும்பலகையில். பிள்ளைகள் புரோகிராமைக் கடதாசியில் எழுதி, பென்சிலால் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்ப்பார்கள். எந்த வரியில் எந்த மாறிக்கு என்ன பெறுமதி என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே போவார்கள். அப்படித் தேறிய பிறகுதான் மிசினுக்கு முறை கிடைக்கும்.

முறை நாளில் ஜெனரேற்றரை ஒரு மூடி பெற்றோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வன்தட்டு எப்போதோ பழுதாகிவிட்டது. ஆகவே எல்லா வேலையும் பிளொப்பி டிஸ்க்கில்தான். அதுவும் ஆளுக்கு ஒன்று. பிரதி எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க் யாரிடமும் இல்லை. பிரின்ரரின் ரிபன் காய்ந்து போயிருந்தது.

குண்டுவீச்சுக்குப் பயந்து டிஸ்க்குகளைக் கூடத்தில் விட்டுவிட்டுப் போவதில்லை. ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் அடுக்கி, நைலோன் கயிற்றால் கட்டி, சைக்கிளில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அது எங்கள் வழக்கம். மாணவர்களின் படிப்பு முழுவதும் அந்த ரின்னில் இருப்பதாகச் சொல்லி நான் பெருமைப்பட்டதும் உண்டு.

3. குகன்மேல் எனக்கிருந்த சந்தேகம்

அது எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்த காலம். புதிதாக ஒருவன் தெருவில் நின்றால் ஏன் நிற்கிறான் என்று யோசிப்போம். தெரிந்தவன் காணாமல் போனால் எங்கே போனான் என்று வாய்விட்டுக் கேட்கமாட்டோம். அந்தப் பழக்கத்தை வகுப்புக்குள்ளும் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன்.

குகன் அடிக்கடி மிசின் முறையைத் தவறவிடுவான். மற்றவர்கள் அந்த நேரத்துக்காகச் சண்டை பிடிக்கும்போது இவன் வராமலே இருப்பான். ஒருநாள் அவனுடைய வகுப்புத் தோழன் வசந்தனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“உவன் குகன் எங்கை போறவன்?”

“தோட்டம் இறைக்க எண்டு சொல்லுறவன், சேர்.”

“ஒவ்வொரு முறையுமோ?”

“ஆருக்குத் தெரியும் சேர். நாங்கள் ஏன் அதுகளைக் கேப்பான்?”

வசந்தன் அதற்குமேல் கதைக்க விரும்பவில்லை. அவன் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு குகன் வராத நாட்களை மனதில் குறித்துவைக்கத் தொடங்கினேன்.

அவனுடைய புரொஜெக்ற் பங்குக் கிணறுகளைப் பற்றியது. எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்றுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். பாட்டன் வைத்திருந்த கால் பங்கு பிள்ளைகளுக்குப் பிரியும். அது சீதனத்தில் மறுபடி பிரியும். யாருக்கு எந்த நாள், எவ்வளவு நேரம் இறைப்பு முறை என்பதில் வெட்டுக்குத்துவரை போன குடும்பங்கள் உண்டு. பங்குகளைக் கொடுத்தால் முறைகளை ஒழுங்குபண்ணித் தரும் ஒரு முறைமையை டீபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதப்போவதாகக் குகன் சொன்னான். மற்றவர்கள் நூலகம், சம்பளப் பட்டியல் என்று எடுத்திருந்தார்கள்.

நான் சிரித்தேன். “ஒருத்தன் தன்ரை முறையை இன்னொருத்தனுக்கு மாத்திக் குடுத்தால் என்ன செய்வாய்?”

“அது கடன் முறை, சேர். அதுக்கு வேறை பைல் வைச்சிருக்கிறன். பங்கு மாறாது, நாள்தான் மாறும்.”

யோசிக்காமல் சொன்னான். நல்ல பதில். ஆனால் எனக்கு வந்தது, இவனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்ற கேள்விதான். பதில் தெரியாதிருந்தால் படிக்கவில்லை என்றிருப்பேன். தெரிந்ததால் அடுத்தவனின் வேலை என்று நினைத்தேன். அவன் என்னிடம் தப்ப வழியே இருக்கவில்லை.

4. வெள்ளிக்கிழமை

டிஸ்க்குகளை ஒப்படைக்கும் நாள். குகன் கடைசியாக வந்தான். காலில் சேறு காய்ந்திருந்தது. மிசினுக்கு முன்னால் இருந்து நிறுத்தாமல் அடித்தான். அவன் ஓட்டிப் பார்த்திருந்தால் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். நான் அந்த நேரம் வெளியே ஜெனரேற்றரடியில் நின்றேன். உள்ளே வந்தபோது அவன் டிஸ்க்கை நீட்டினான்.

“ரின்னைக் கட்டிப்போட்டன் குகன். இப்பவே கொண்டு வாறது?”

“குறை நினையாதேங்கோ சேர். இண்டைக்கு எங்கடை முறை. இறைச்சு முடிய நேரம் போட்டுது.”

முடிச்சை அவிழ்க்க எனக்குப் பஞ்சியாக, அலுப்பாக இருந்தது. அவனுடைய டிஸ்க்கை மட்டும் என் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அது அந்தப் பைக்குள்ளேயே கிடந்தது.

5. தீர்ப்பு

திங்கட்கிழமை கூடத்தில் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன். அன்றே பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நியாயமான மனிதர், ஆனால் களைத்துப் போயிருந்தார்.

“என்ன மாஸ்ரர், ஒரு டிஸ்க் திறக்கேல்லையாம்?”

“வெறும் டிஸ்க் சேர். வேலை முடியேல்லை, அதாலை வெறுமனே தந்திட்டு அவகாசம் கேக்கிறான்.”

“நிச்சயமோ? பெடியன் கெட்டிக்காரன் எண்டெல்லோ நினைச்சன்.”

“முறைக்கே ஒழுங்கா வராதவன். மற்ற எல்லாரின்ரை டிஸ்க்கும் திறக்குது, இவன்ரை மட்டும் எப்பிடிப் பழுதாகும்?”

“கூடத்துக்குப் பொறுப்பு நீங்கள். நீங்கள் சொல்லுறதைத்தான் எழுதுவன்.”

“சமர்ப்பிக்கேல்லை எண்டு எழுதுங்கோ” என்றேன்.

புரொஜெக்ற் இல்லாமல் பட்டம் இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

6. சுன்னாகம்

அந்த வாரக் கடைசியில் சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த சைக்கிள் கடைக்குப் போனேன். அப்போது எல்லா வீடுகளிலும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்போம். எங்கள் வீட்டு டைனமோ இறுகிவிட்டது. நானே கழற்றிப் பார்த்தேன். மறுபடி பூட்டத் தெரியவில்லை. வெளிக்கோதையும் உள்ளே சுற்றும் பாகத்தையும் தனித்தனியாகக் கடதாசியில் சுற்றி, முந்தின வெள்ளிக்கு முன்னரே என் துணிப்பைக்குள் போட்டு வைத்திருந்தேன். அதற்குப் பிறகு கடைப்பக்கம் போக நேரம் கிடைக்கவில்லை.

கடைக்காரர் பைக்குள் கையை விட்டுச் சுற்றும் பாகத்தை எடுத்தார். அதன்மேல் கடதாசியோடு சேர்த்துக் குண்டூசிகளும் ஒரு பேனை மூடியின் கிளிப்பும் ஒட்டிக்கொண்டு வந்தன.

“சேர், உங்கடை டைனமோ செத்தாலும் காந்தம் சாகேல்லை. பாருங்கோ, கல்யாணத்துக்குச் சோடிச்ச மாதிரி நிக்குது” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கடையில் கிடந்த வாங்குப் பலகையில் குந்திவிட்டேன்.

முதலாம் ஆண்டு முதல் வகுப்பில் நான் சொல்லும் முதல் விஷயம், டிஸ்க்கைக் காந்தத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதே என்பது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம் என்று பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். ஆனால் டைனமோ எனக்கு வீட்டுச் சாமான். செய்தி கேட்கிற சாமான். அதன் வயிற்றுக்குள் இருப்பது காந்தம் என்பது நான் படித்ததுதான். பைக்குள் வைக்கும்போது அந்தப் படிப்பு எனக்கு உதவவில்லை. மற்றவர்களின் டிஸ்க்குகள் ரின்னுக்குள் தனியே இருந்தன. குகனுடையது மட்டும் காந்தத்தோடு இரண்டு நாள் கிடந்தது.

என்னிடம் பாட உதாரணங்கள் இருந்த ஒரு பழைய டிஸ்க் இருந்தது. அதைக் கூடத்தில் திறந்து பார்த்துவிட்டு, அந்தச் சுற்றும் பாகத்தை அதன்மேல் வைத்து எடுத்தேன். பிறகு டிரைவில் போட்டேன். திங்கட்கிழமை வந்த அதே வரி வந்தது.

7. தலைவரின் அறை

புள்ளிகள் பரீட்சைப் பகுதிக்கு இன்னும் அனுப்பப்படவில்லை. தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப பெடியன் சொன்னது உண்மை.”

“உண்மையா இருக்கலாம்.”

“இருக்கலாமோ, உண்மையோ?”

நான் அவருடைய மேசையில் கிடந்த புள்ளிப் பட்டியலைப் பார்த்தேன்.

“மாஸ்ரர், நான் இதை மாத்தலாம். ஆனால் காரணம் எழுதவேணும். உங்கடை கவனக்குறைவாலை டிஸ்க் அழிஞ்சுது எண்டு எழுதட்டோ? எழுதினால் உங்களை நிரந்தரமாக்கிறதிலை இது வந்து நிக்கும். நான் ஒளிக்கமாட்டன்.”

என் நிரந்தர நியமனம் அப்போது முடிவாகும் நிலையில் இருந்தது.

“யோசிச்சுச் சொல்லுறன் சேர்” என்றேன்.

“நாளைக்குப் புள்ளிகளைக் கொண்டு ஆள் போகுது.”

மறுநாள் நான் அவருடைய அறைப்பக்கம் போகவில்லை. அவரும் என்னைக் கூப்பிடவில்லை. புள்ளிகள் போய்ச் சேர்ந்தன. குகன் அடுத்த தொகுதி மாணவர்களோடு மறுபடி செய்யலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதி அப்படித்தான் இருந்தது. அடுத்த தொகுதி இறுதியாண்டுக்கு வருமுன் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்தது.

8. கிணற்றடி

இடப்பெயர்வுக்கு முன்னரே ஒருநாள் குகனுடைய தோட்டத்துக்குப் போனேன். பாவத்தை அவனிடம் இறக்கி வைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன் போலும். அவனுடைய மாமன் கிணற்று ஏற்றமான துலாவில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். குகன் மண்வெட்டியோடு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றான். வரம்பில் அடுத்த பங்காளி ஒருவர் தன் முறைக்குக் காத்திருந்தார்.

டைனமோ, பை, பழைய டிஸ்க் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவரிடம் போனதையும் போகாமல் விட்டதையும் சொன்னேன். அவன் பாத்தியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

வரம்பில் நின்றவர் சத்தம் போட்டார். “தம்பி குகன், உன்ரை நேரம் முடியப்போகுது. சேரோடை கதைக்கிறதெண்டால் தண்ணியை எனக்கு விடு!”

“பொறுங்கோ அண்ணை, இன்னும் ரெண்டு பாத்தி” என்று அவருக்குச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினான்.

“டிஸ்க் அழிஞ்சது உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, சேர். அது எனக்கு விளங்குது. ஆனால் நான் ஒரு மணித்தியாலம் கேட்டனான். அது எல்லாருக்கும் முன்னாலை நடந்தது. அதைத் தராமல் விடச்சொன்னதும் காந்தமோ?”

அவன் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினான்.

“நான் முறைக்கு வராத நாளெல்லாம் இந்தத் துலாவிலைதான் நிண்டனான். சைக்கிளிலை ஒருக்கால் வந்து பாத்திருக்கலாம். கிட்டத்தானே.”

அவன் அடுத்த பாத்திக்கு வாய் வெட்டினான். நான் நின்ற இடத்துக்குத் தண்ணீர் வந்தது. கொஞ்சம் தள்ளி நிற்கும்படி மரியாதையாகத்தான் சொன்னான். நான் தள்ளி நின்று, பிறகு போய்விட்டேன். இடப்பெயர்வுக்குப் பிறகு அவனை நான் காணவில்லை. எனக்கு நியமனம் கிடைத்தது. ஓய்வூதியம் இப்போதும் வருகிறது.

9. கூடம் பொறுப்பேற்பவர்களுக்கு

உங்கள் மாணவர்களின் வேலை இன்று அழிந்தாலும் எங்காவது ஒரு பிரதி இருக்கும். ஆகவே காந்தத்தைப் பற்றி நான் எச்சரிக்கத் தேவையில்லை. வேறொன்றைச் சொல்லுகிறேன். ஒரு பிள்ளை வந்து, செய்தது போய்விட்டது, திருப்பிச் செய்து காட்டுகிறேன் என்று கேட்டால் மிசினுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கவிடுங்கள். பொய் என்றால் அந்த ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். உண்மை என்றாலும் தெரிந்துவிடும். குகனுக்கு நான் அதைக் கொடுக்காததற்கு எண்ணெய் காரணமல்ல. அவன் அடித்து முடித்துவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.