கவுண்டரில் ஒரு புள்ளிச் சட்டை

பெருநாளுக்கு உடுப்பு எடுக்கவென்று கண்டிக்குப் போன ரிஸ்னா, அன்று பின்னேரம் வரை கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லாக் கடையிலும் ஒரே கதைதான். விற்பனை செய்ய நிற்கும் பெண்பிள்ளை அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்க்கும். பிறகு முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "உங்கட சைஸ் இல்ல மிஸ்" என்று சொல்லும். ரிஸ்னா நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். கடைசிக் கடையில் மட்டும் ஒரு பிள்ளை உற்சாகமாக ஒரு கறுப்பு அபாயாவை எடுத்து விரித்தது.

"இது எல்லாருக்கும் சரியா வரும் மிஸ்."

வந்தது. உள்ளே இன்னொரு ஆளும் நிற்கலாம் போலிருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது, மழைக்கு மூடிவைத்த வேன் ஒன்று நிற்பதாகத்தான் ரிஸ்னாவுக்குத் தோன்றியது. சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு, திகனைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தச் சிரிப்பு போய், கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. கண்டி நகரில் ஒரு தனியார் கண் வைத்தியசாலையில் முன் கவுண்டரில் வேலை. கணவன் பவாஸுக்குத் திகன சந்திக்குப் பக்கத்தில் டயர் கடை. வீட்டில் திரைச்சீலை தைப்பதற்கென்று வாங்கிய ஒரு தையல் மெஷின் இருந்தது. "கடைல இல்லாட்டி நான் தைக்கிறன்" என்று பவாஸிடம் சொல்லிவிட்டு, போனில் தேடத் தொடங்கினாள்.

தேடும்போதுதான் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் படங்கள் கண்ணில் பட்டன. இடுப்பில் இறுக்கி, கீழே குடை மாதிரி விரியும் சட்டைகள். அவளை இழுத்தது அந்த விரிவு அல்ல. அந்தப் பெண்களில் பலர் அவளைப் போலவே பருமனாக இருந்தார்கள். ஆனால் யாரும் எதையும் மறைக்கிற மாதிரி நிற்கவில்லை. உடம்பை அளந்து, அந்த அளவுக்கு உடுப்பைத் தைத்திருந்தார்கள். ரிஸ்னா எழும்பிப் போய் அளவு நாடாவை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னை வெட்கப்படாமல் அளந்தாள்.

கருநீலத் துணி, அதில் வெள்ளைப் புள்ளி. கை மணிக்கட்டு வரை, நீளம் கணுக்கால் வரை, இடுப்பில் வெள்ளைப் பட்டி, அதற்குப் பொருத்தமாக வெள்ளை ஸ்கார்ஃப். பாவாடை விரிந்து நிற்பதற்கு அந்தக் காலத்தில் உள்ளே விறைப்பான வலைத்துணி வைத்துத் தைப்பார்கள் என்று படித்திருந்தாள். வீட்டில் வலை என்று இருந்தது, கட்டிலுக்கு மேல் கட்டுவது ஒன்றுதான்.

"ரிஸ்னா, நுளம்பு வலைய எங்க வெச்ச?" என்று பவாஸ் அறைக்குள்ளிருந்து கத்தினான்.

"உடுத்தீக்கிறன்" என்றாள் அவள்.

பவாஸ் வெளியே வந்து பார்த்தான். அவளைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். "மாஷா அல்லாஹ்! ஆனா பஸ்ஸில எப்பிடி இருக்கப் போற?" என்றான்.

நல்ல கேள்விதான். மறுநாள் காலை பஸ்ஸில் அவள் ஓர் இடத்திலும் பாவாடை இன்னோர் இடத்திலும் உட்கார்ந்தன. பக்கத்தில் இருக்க வந்த பெண் துணியைக் கொஞ்சம் அள்ளி மடியில் வைத்துக்கொண்டே பயணம் செய்தாள். கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பருத்தி வலை நீரைக் குடித்து, கனத்து, காலோடு ஒட்டியது. ரிஸ்னா வைத்தியசாலைக்குள் நுழைந்தபோது பின்னால் தரை நெடுக ஈரக் கோடு.

கவுண்டரில் அவளோடு வேலை செய்யும் சஞ்சீவனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, வலையோட வர்றீங்களே, மீனு எங்க?"

ரிஸ்னாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் சட்டையை விடவில்லை. அன்றிரவே வலையைக் கழற்றி எறிந்தாள், பாவாடையின் விரிவைப் பாதியாக வெட்டினாள். ஐம்பதுகளின் இடுப்பும் இந்தக் காலத்துப் பஸ்ஸும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரேயடியாகப் பழைய காலத்துக்குப் போவதில்லை. ஒரு நாள் சாதாரண அபாயாவுக்கு மேலே இடுப்போடு நிற்கும் குட்டை ஜக்கெட் ஒன்று போடுவாள். இன்னொரு நாள் கழுத்தோரம் ஒரு புரோச் மட்டும். புள்ளிச் சட்டை மட்டும் வாரத்தில் ஒரு நாளாவது வந்துவிடும்.

அப்படி அது வந்த ஒரு நாளில்தான் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த வடிவம்மாவுக்குக் கண் கட்டு அவிழ்த்தார்கள். வெள்ளை படர்ந்த கண்ணுக்கு முதல் நாள் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அடுத்த முறை எப்போது வரவேண்டும் என்று கேட்கக் கவுண்டருக்கு வந்தவர், ரிஸ்னாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, ஒங்க சட்டையில இருக்கிறது புள்ளியா? இல்ல, எங் கண்ணுல இருக்கிறதா?"

"சட்டையிலதான் அம்மா."

"வெள்ளப் புள்ளி?"

"ஓ, வெள்ளதான்."

வடிவம்மாவின் முகமெல்லாம் மலர்ந்தது. "அப்ப டாக்டரு நல்லாத்தான் பண்ணியிருக்காரு!" என்று மண்டபத்துக்கே கேட்கச் சொன்னார். காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். விஷயம் வைத்தியரின் காதுக்கும் போனது. அன்றிலிருந்து அவர் கட்டு அவிழ்த்த ஆட்களை, "கவுண்டர்ல இருக்கிற மிஸ்ஸிட சட்டையில என்ன இருக்கு எண்டு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று அனுப்பத் தொடங்கினார். ரிஸ்னாவுக்கு உள்ளூரப் பெருமை. காலையில் உடுப்புத் தெரிவு செய்யும்போதே, இன்று யார் கண் திறக்கிறார்களோ என்று யோசிப்பாள்.

எல்லாருக்கும் அது வடிவம்மாவுக்கு மாதிரி நல்லபடியாக முடியவில்லை. பயந்த சுபாவமுள்ள ஒரு மனிதர் புள்ளிகளைப் பார்த்ததும் தன் கண்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார். ரிஸ்னா எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வைத்தியரின் அறைக் கதவைத் தட்டி, சத்திரசிகிச்சையைத் திரும்பச் செய்யச் சொல்லி ஒரே சத்தம்.

அடுத்த நாள் மனேஜர் திருச்செல்வம் அவளைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர்.

"பிள்ளை, உங்கட உடுப்பு வடிவாத்தான் கிடக்கு. அதில நான் பிழை சொல்லேல்லை. ஆனா சனம் பயப்பிடுது. இனிக் கவுண்டரில எல்லாருக்கும் ஒரே யூனிஃபோர்ம். சாம்பல் நிறம். கொழும்பில இருந்து வருது."

வந்தது. ஆகப் பெரிய அளவை எடுத்துக்கொண்டு ரிஸ்னா உடைமாற்றும் அறைக்குள் போனாள். தோளைத் தாண்டி அது இறங்கவில்லை. கையை உயர்த்தியபடி, துணிக்குள் தலை மாட்டிக்கொண்டு நின்றபோது பெருநாள் கடைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தாள். கண் கலங்கிவிட்டது. பிறகு முகத்தைக் கழுவி, ஸ்கார்ஃபைச் சரிசெய்து, அந்த உடுப்போடு நேரே மனேஜரின் அறைக்குப் போனாள்.

"சேர், இது எனக்கு உடுக்க ஏலா. நிறம் உங்கட, தையல் என்ட. சரிதானே?"

திருச்செல்வம் உடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சங்கடப்பட்டார். "ஓம், ஓம். சாம்பலா இருந்தால் எனக்குக் காணும்" என்றார்.

சாம்பல் நிறத்தில் ஐம்பதுகளின் குடைப் பாவாடை எடுபடாது என்று ரிஸ்னாவுக்குத் தெரியும். ஒரு பத்து வருடம் பின்னால் போனாள். நாற்பதுகளில், உலக யுத்தத்தால் துணிக்குத் தட்டுப்பாடு. வேலைக்குப் போன பெண்கள் மடிப்பும் சுருக்கமும் இல்லாமல், நேராக, தோள் நிமிர்ந்த உடுப்புத்தான் போட்டார்கள். அதையே அவள் தைத்தாள். நெஞ்சிலிருந்து கீழ் வரை ஒரே வரிசையில் பொத்தான், மெல்லிய பட்டி, பக்கத்துக்கொன்றாக இரண்டு பெரிய பொக்கெட்.

திங்கட்கிழமை அவள் உள்ளே வந்ததும் சஞ்சீவனி எழும்பியே நின்றுவிட்டாள். கண் போனது பொக்கெட்டுக்குத்தான்.

"அக்கா, அதுக்குள்ள ஃபோன் போகுமா?"

ரிஸ்னா ஃபோனைப் போட்டுக் காட்டினாள். பேனாவைப் போட்டாள். வாழைப்பழம் ஒன்றையும் போட்டாள்.

கொழும்பிலிருந்து வந்த உடுப்பில் பொக்கெட்டே இல்லை. "எனக்கும் ஒன்னு தைச்சுக் குடுங்க அக்கா, ப்ளீஸ்" என்று சஞ்சீவனி கையைப் பிடித்துக்கொண்டாள். ரிஸ்னா தைத்துக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைத் திகனைக்குக் கூப்பிட்டு, மெஷினுக்கு முன்னால் இருத்தி, அவள் கையாலேயே தைக்க வைத்தாள். முதல் பொக்கெட் தலைகீழாகப் போனது. பவாஸ் தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "இதுக்குள்ள போட்டா எல்லாம் கீழ விழுமே" என்று பகிடி பண்ணினான். அவிழ்த்துத் திரும்பத் தைத்தார்கள். அடுத்தடுத்து கவுண்டரின் மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் கவுண்டர் முழுவதும் நிமிர்ந்த தோள்.

புதிதாக வந்த நோயாளிகள் சிலர் ரிஸ்னாவிடம், "நீங்கதானே மனேஜர்?" என்று கேட்டார்கள். அறையிலிருந்து எட்டிப்பார்த்த திருச்செல்வம், "இவவைப் பாத்தால்தான் மனேஜர் மாதிரிக் கிடக்கு. என்னைப் பாத்தால் ஆர் நம்புவினம்?" என்று சிரித்தார். அடுத்த கிழமை அவரும் நீட்டுக் கைச் சட்டையை ஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்.

எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்த அந்த நேரத்தில் ரிஸ்னாவுக்கு மட்டும் ஒரு சின்னக் குறை.

"எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தா எனக்கெண்டு தனியா என்ன ஈக்கி?" என்றாள் பவாஸிடம். "யூனிஃபோர்ம் கிடக்கட்டும். சனிக்கிழம, கலியாணம், பயணம் எல்லாத்துக்கும் இனி நான் எழுபதுக்குப் போறன்."

எழுபதுகள் அவளுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தின. கழுத்திலிருந்து கால் வரை ஒரே ஓட்டமாக இறங்கும் உடுப்பு, மணிக்கட்டில் மணி போல விரியும் கை, மண் நிறத்தில் பெரிய பெரிய பூ. கலகெதரயில் சொந்தக்காரர் கலியாணத்துக்கு அப்படி ஒன்றைத் தைத்தாள். துணி மிஞ்சியது. பவாஸுக்குச் சொல்லாமல் அதில் ஒரு சட்டை வெட்டினாள். தோள்வரை நீண்டு கிடக்கும் கூர்க் காலர் வைத்த சட்டை.

"இத உடுத்துக்கொண்டு நான் எப்பிடி வார? சனம் சிரிக்கும்" என்று அவன் கட்டிலில் இருந்துவிட்டான்.

"நுளம்பு வலைய உடுத்துக்கொண்டு நான் வேலைக்குப் போகல்லையா?"

பவாஸ் எழும்பினான். உடுத்தான். கலியாண வீட்டில் சனம் சிரிக்கத்தான் செய்தது. ஆனால் சிரித்த கூட்டாளிமாரே ஒவ்வொருவராகத் தோளில் கைபோட்டு நின்று படம் எடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னமே இரண்டு பேர், எந்தத் தையற்காரன் என்று விசாரித்துவிட்டார்கள். பவாஸ் தூரத்தில் பெண்கள் பக்கம் நின்ற ரிஸ்னாவைக் கையால் காட்டி, "அவக்கு இப்ப நேரமில்ல" என்றான்.

அந்தத் திங்கட்கிழமை அவன் அதே சட்டையோடு டயர் கடைக்கும் போனான். பின்னேரம் வந்தபோது காலரின் ஒரு பக்கம் முழுவதும் டயர்க் கரி. ரிஸ்னா முற்றத்துக் குழாயடியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "இன்னொண்டு தைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"தை" என்றான் பவாஸ். "பெல்பொட்டம் மாதிரிக் கீழ அகலமா ஒரு களிசானும் சேத்துத் தை."